தாய்மாமனுக்கு வேலை இல்லாத கல்யாணம்

எங்கள் தென்காசிப் பக்கத்தில் ஒரு பையனுக்குக் கல்யாணம் என்றால் அன்று அவன் தாய்மாமனுக்கு உட்கார நேரம் இருக்காது. மாப்பிள்ளைக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுப்பது, மாலை போடுவது, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருவது என்று முறைப்படி செய்ய வேண்டியவை ஒரு பக்கம். சமையல்காரரோடு மல்லுக்கட்டுவது, பந்தியில் விட்டுப்போன பெரியவரைத் தேடிப் பிடித்து இலை போட வைப்பது, கோபித்துக்கொண்டு மண்டபத்து வாசல் வரை போய்விட்ட சொந்தக்காரரைச் சமாதானப்படுத்திக் கூட்டி வருவது என்று எங்கும் எழுதி வைக்காத வேலைகள் இன்னொரு பக்கம். ஐயர் நடுநடுவே "மாமன் எங்கே, மாமனைக் கூப்பிடுங்கோ" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அந்தக் குரலுக்கு ஓடிப் போய் நிற்பதில் ஒரு பெருமை உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

என் அக்கா மகனுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். போன மே மாதக் கடைசியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது, ஜெர்மனியில். படிக்கப் போனவன், மூன்ஸ்டர் நகரத்திலேயே வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டான். பெண் ஜெர்மன்காரி, அந்த நகரத்துக்கு மேற்கே கோஸ்ஃபெல்ட் பக்கம் ஒரு கிராமம். அக்கா, அத்தான், நான், என் மனைவி நாலு பேரும் போனோம். புறப்படுவதற்கு முன்னால் போனில், அங்கே தாய்மாமனுக்கு என்ன வேலை என்று மருமகனிடம் கேட்டேன். "சும்மா வந்து சந்தோஷமா இருங்க மாமா, அதான் வேலை" என்றான். எனக்கு அது சரியாகவே படவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய கதை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெளிநாட்டுக்காரர் ஜெர்மனியில் கல்யாணம் செய்ய வேண்டும் என்றால், இவருக்குக் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை என்று அவர் நாட்டிலிருந்து ஒரு சான்று கேட்பார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சான்றைக் கொடுக்கும் அலுவலகமே கிடையாது. அதனால் அந்தப் பகுதி உயர் நீதிமன்றத்திடம் போய், இந்தச் சான்றிலிருந்து எனக்கு விலக்கு கொடுங்கள் என்று கேட்க வேண்டும். மூன்ஸ்டர்காரர்களுக்கு அது ஹம் என்ற ஊரில் இருக்கிற நீதிமன்றம். அதற்கு இங்கிருந்து பிறப்புச் சான்றிதழ் முதல் எல்லாம் போக வேண்டும். கூடவே அக்காவும் அத்தானும் நோட்டரி முன்னால், எங்கள் மகனுக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வெளிநாடுகளுக்குப் போகும் சான்றிதழ்களில் குத்துகிற அப்போஸ்டில் முத்திரை இருக்கிறதே, அந்த ஒப்பந்தத்தில் இந்தியா 2005-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் ஜெர்மனி மட்டும் ஆட்சேபம் சொல்லி, நம் முத்திரையை ஏற்பதில்லை. பதிலாக அவர்கள் தூதரகமே உள்ளூர் வக்கீல் ஒருவரை அமர்த்தி, காகிதங்களும் ஆளும் உண்மைதானா என்று விசாரிக்கச் சொல்கிறது.

அப்படி வந்தவர் எங்கள் தெருவில் எதிர்வீட்டு ஆச்சியிடம் மாட்டிக்கொண்டார். ஆச்சி அவரை, பெண் வீட்டார் ரகசியமாக விசாரிக்க அனுப்பிய ஆள் என்றே நினைத்துவிட்டார். நம் ஊரில் அப்படி அனுப்புவது வழக்கம்தானே. பையன் தங்கம், காப்பித்தண்ணி தவிர வேறு பழக்கம் இல்லை, அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் போய் வாழ்ந்தால் கொடுத்து வைத்தவள் என்று பேசிக்கொண்டே போய், வக்கீலுக்கு முறுக்கும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஜெர்மன் அரசாங்கம் தன் சட்டப்படி நடத்திய விசாரணை, தென்காசியில் சுத்தமான மாப்பிள்ளை விசாரிப்பாக முடிந்தது. எல்லாம் சேர்ந்து பல மாதம் இழுத்தது. இந்த இழுபறி தாங்காமல் ஜெர்மனியில் இருக்கும் எத்தனையோ ஜோடிகள் பக்கத்து நாடான டென்மார்க்குக்குப் போய், சீக்கிரமாகக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்களாம். மருமகனும் அதைத்தான் யோசித்தான். பெண்தான் தன் ஊர்க்காரர்கள் இல்லாமல் செய்வதில்லை என்று பிடிவாதமாக நின்றிருக்கிறாள்.

எங்கள் விசாவும் ஒரு வேடிக்கைதான். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, அதற்கு மேல், இவர்கள் இங்கே இருக்கும் வரை செலவு முழுவதும் என் பொறுப்பு என்று மருமகன் அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுத்த உறுதிப் பத்திரம். சீர் செய்யப் போகிற தாய்மாமனுக்கு மருமகன் ஜாமீன். அந்தக் காகிதத்தை அத்தான் ஊரில் ஒருத்தர் விடாமல் காட்டினார்.

பத்திரிகை வந்தபோது அத்தானுக்கு முகம் சுருங்கியது. நம் பத்திரிகையில் கூப்பிடுகிறவர்கள் பெற்றோர்கள். பையன் பெயரும் பெண் பெயரும் நடுவில் பெரிதாக இருந்தாலும் அவர்கள் செய்தி மட்டும்தான். கீழே தங்கள் நல்வரவை விரும்பும் என்று போட்டு மாமன், சித்தப்பா, பெரியப்பா எல்லோர் பெயரும் வரிசையாக வரும், ஒரு பெயர் விட்டுப்போனால் தலைமுறைக்குப் பகை. ஜெர்மன் பத்திரிகையில் இரண்டே பெயர். மாப்பிள்ளையும் பெண்ணும் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். பெற்றோர் பெயர் எங்கேயும் இல்லை, பெண் வீட்டுப் பெற்றோர் பெயரும் இல்லை. கூடவே ஒரு சின்ன அட்டை: வருவீர்களா மாட்டீர்களா, எத்தனை பேர், இறைச்சியா மீனா சைவமா, பாலும் வெண்ணெயும்கூடச் சேர்க்காத சைவமா, உடம்புக்கு ஒவ்வாதது ஏதாவது உண்டா, இன்ன தேதிக்குள் பதில் வேண்டும். மொத்தம் 84 பேர். "நம்ம முதல் பந்தியே அதுக்கு மேல இருக்குமே" என்றார் அத்தான்.

செலவு முழுவதும் அவர்கள் இரண்டு பேருடையது, கல்யாணத்துக்கென்று ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்த பணம். கூப்பிடுகிறவர்களும் அவர்களே, செலவழிக்கிறவர்களும் அவர்களே என்றால் பெற்றோரும் விருந்தாளிதான், நானும் விருந்தாளிதான். விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது இதை மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன். வெள்ளைக்காரர்களுக்குச் சொந்தம் பந்தம் எல்லாம் சும்மா பெயருக்குத்தான், அவரவர் வாழ்க்கை அவரவருக்கு என்று நாம் இங்கே உட்கார்ந்து சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அதை நேரிலேயே பார்க்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

போன பிறகு பார்த்தது வேறு.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு சாயங்காலம், பெண் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கொட்டகையில் ஒரு பெரிய கூட்டம். தேவதாரு மாதிரியான ஒரு மரத்தின் கிளைகளை வண்டி நிறையக் கொண்டு வந்து கொட்டியிருந்தார்கள். ஆண்கள் அதைக் கையளவுக்கு நறுக்கி நறுக்கிக் கொடுக்க, இன்னொரு வரிசை அதை நீளமான கயிற்றில் வைத்துக் கம்பியால் சுற்றிக் கட்டிக்கொண்டே போகிறது. ஒரு ஆள் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்துப் பிடிக்க, மற்றவர் சுற்றுகிறார், விரலெல்லாம் பிசின். மேசையில் பெண்களும் குழந்தைகளும் வெள்ளைக் காகிதத்தை மடித்துச் சுருட்டி ரோஜாப்பூ செய்கிறார்கள், நூற்றுக்கணக்கில். நடுநடுவே பியர் பெட்டிகள் காலியாகின்றன, சின்னச் சின்னக் கிளாஸில் கோர்ன் என்று ஒரு தானியச் சாராயம் சுற்றி வருகிறது. கடைசியில் அந்தப் பச்சைத் தோரணத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெண் வீட்டு வாசல் நிலையைச் சுற்றி வளைவாகக் கட்டி, பூக்களைக் குத்தினார்கள். ஏற்கனவே வாசல் நிலையை அளந்து வைத்திருந்தார்கள், ஒரு சாண் கூடக் குறையவில்லை. என் மனைவி அங்கே உட்கார்ந்து ஒரு தட்டு நிறையக் காகிதப்பூ செய்து கொடுத்தாள், அதற்கு மொழி தேவைப்படவில்லை.

எனக்கு ஆச்சரியம் அந்தத் தோரணம் இல்லை. வாழைமரம் கட்டிப் பழகியவனுக்கு அதில் என்ன இருக்கிறது? அங்கே யார் வந்தார்கள் என்பதுதான் விஷயம். வந்தவர்களில் பலர் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் இல்லை. பிடித்தவர்கள், நெருக்கமானவர்கள் என்ற கணக்கும் இல்லை. அந்தத் தெருவில் எந்தெந்த வீடு அக்கம்பக்கம் என்று எப்போதோ முடிவாகியிருக்கிறது, அந்த வீட்டுக்காரர்கள் வந்தே ஆக வேண்டும், வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பாவோடு மழைத்தண்ணீர் வாய்க்கால் தகராறில் வருடக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லாத ஒருவர், வந்து மூலையில் உட்கார்ந்து, யாரோடும் அதிகம் பேசாமல் ஒழுங்காகக் கிளை நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தோரணத்தை வீட்டுக்காரர்களே கட்டிக்கொள்ளக் கூடாது. அவர்கள் வேலை பியரும் சாப்பாடும் கொடுப்பது.

பெண்ணின் அப்பா அப்புறம் விளக்கினார், மருமகன் பெயர்த்துச் சொன்னான். மூன்ஸ்டரும் சேர்ந்த வெஸ்ட்ஃபாலியா என்கிற பகுதியின் இந்த மேற்கு மூலையிலும், எல்லை தாண்டி நெதர்லாந்துப் பக்கத்துக் கிராமங்களிலும் பக்கத்து வீடு என்பது ஒரு பொறுப்பு. முந்தைய காலத்தில் வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் ஓட வேண்டியவரும் பக்கத்து வீட்டுக்காரர், சாவு விழுந்தால் ஊருக்குச் சொல்ல வேண்டியவரும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டியவரும் அவர்தான். பண்ணை வீடுகள் தூரத்தூரமாகச் சிதறிக் கிடந்த இடம், அவசரத்துக்கு ரத்த சொந்தம் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். இன்றைக்கு ஆம்புலன்ஸ் இருக்கிறது, ஆனாலும் கல்யாணத் தோரணம் மாதிரி சில வேலைகள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.

ஆக, நீயாகத் தேர்ந்தெடுக்காத ஒரு ஆள், உனக்குப் பிடிக்கிறதோ இல்லையோ உன் வீட்டு விசேஷத்தில் உரிமையோடு வந்து நின்று வேலை செய்கிற ஆள், அங்கேயும் இருக்கிறார். நான் அவரைச் சொந்தத்தில் தேடிக்கொண்டிருந்தேன், அவர் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி போல்டர்ஆபெண்ட். இதற்குப் பத்திரிகை கிடையாது, எண்ணிக்கை கிடையாது, கேள்விப்பட்டவர் யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவர்கள் எல்லோரும் வீட்டில் கிடந்த பழைய பீங்கான் தட்டு, கோப்பை, ஓடு எல்லாவற்றையும் கொண்டு வந்து முற்றத்தில் போட்டு உடைக்கிறார்கள். ஒரு ஆள் டிராக்டரில் பழைய கழிப்பறைப் பீங்கானையே ஏற்றிக்கொண்டு வந்து கவிழ்த்தார், அதற்கு ஒரே கைதட்டல். கண்ணாடிப் பொருள் மட்டும் கூடாது, அது உடைந்தால் ஆகாதாம். பீங்கான் உடைந்தால் அதிர்ஷ்டமாம். உடைந்ததை மாப்பிள்ளையும் பெண்ணும்தான் சேர்ந்து கூட்டிப் பெருக்க வேண்டும். அவர்கள் கூட்டி முடித்ததும் எவனாவது ஒருவன் குவியலை மறுபடி காலால் இறைத்துவிடுவான்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னல இது, நல்ல காரியத்துக்கு முந்தின நாளு சாமானைப் போட்டு ஒடைக்காவ?" எங்கள் வீட்டில் விசேஷ நாளில் குங்குமச்சிமிழ் கை தவறினாலே அம்மா இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். யாரோ அக்காவின் கையில் ஒரு தட்டைக் கொடுத்து உடைக்கச் சொன்னார்கள், மாட்டவே மாட்டேன் என்று விட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவள், உள்ளே போய்ப் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து வந்தாள். இந்தத் தேங்காய் அங்கே எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் செடி, இலை, பழம் எதையும் அதற்குரிய சுகாதாரச் சான்று இல்லாமல் பெட்டியில் கொண்டு போக முடியாது, 2019 டிசம்பரிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. அதில் விதிவிலக்கு அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியன் இந்த ஐந்தும்தான். மாவிலை போகாது, வெற்றிலை போகாது, தேங்காயும் வாழைப்பழமும் போகும். சட்டம் எழுதிய ஆள் நம்மூர்ப் பக்கம் கொஞ்ச காலம் இருந்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, அக்கா கிழக்கைப் பார்த்து நின்று, பிள்ளையாரை நினைத்து, சிதறுகாய் போட்டாள். நல்ல காய், ஒரே அடியில் நாலாபுறமும் தெறித்தது. முற்றம் முழுக்க ஒரே ஆரவாரம். அதற்குப் பிறகு அங்கே இருந்த பொடியன்கள் கூட்டமாக வந்து இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது, ஆனால் அது கல்யாணத்துக்கு.

மறுநாள் கல்யாணம் மூன்ஸ்டர் பதிவு அலுவலகத்தில். நேரம் 11.20. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்கிற கதையெல்லாம் இல்லை, 11.20 என்றால் 11.20, எங்களுக்கு முந்தைய ஜோடி வெளியே போகிறது, எங்களுக்கு அடுத்த ஜோடி நடைபாதையில் காத்திருக்கிறது. முகூர்த்த நாளில் திருச்செந்தூர் போனவர்களுக்கு இது புதிதில்லை. ஜெர்மனி முழுக்க 1876-லிருந்து சட்டப்படி செல்லுகிற கல்யாணம் இது ஒன்றுதான், அந்நாட்டின் பழைய சான்சலர் பிஸ்மார்க் காலத்துச் சட்டம். பதிவு செய்வதற்கு முன்னால் தேவாலயத்தில் கல்யாணம் செய்து வைக்கக் கூடாது என்ற தடைகூட 2008 கடைசி வரைக்கும் இருந்தது.

ஒரு அம்மா அதிகாரியாக உட்கார்ந்திருந்தார். மந்திரமோ ஜெபமோ கிடையாது. இவர்கள் இரண்டு பேரும் மூன்ஸ்டர் ரயில் நிலையத்து வாசலில், பூமிக்கு அடியில் மூவாயிரம் சைக்கிளுக்கு மேல் நிறுத்துகிற அந்தப் பெரிய நிறுத்தத்தில், ஒரே மாதிரி இரண்டு சைக்கிளைக் குழப்பிக்கொண்டு சண்டை போட்டுச் சந்தித்த கதையை அவர் அழகாகச் சொன்னார். சைக்கிள்தான் அந்த ஊருக்கு உயிர், எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் இருவரிடமும் சம்மதம் கேட்டார், இருவரும் ஆமாம் என்றார்கள், வலது கை விரலில் மோதிரம் மாற்றினார்கள், கையெழுத்து. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அத்தான் மெதுவாக, "இது நம்ம சீர்திருத்தக் கல்யாணம்லா" என்றார். நியாயமான பேச்சு. 1967-ல் அண்ணா ஆட்சியில் நம் சட்டசபை இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்ததே, உறவினரோ நண்பரோ முன்னிலையில் இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாலே போதும், அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும், புரோகிதர் வேண்டாம் என்று. வித்தியாசம், அங்கே அதிகாரி முன்னால்தான் செல்லும். நமக்கு வந்திருக்கிற சனமே போதும்.

மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம் மோதிரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றவன் அவன் நண்பன், சாட்சி. 1998-லிருந்து சட்டப்படி சாட்சியே தேவையில்லையாம், ஆனாலும் எல்லோரும் வைத்துக்கொள்கிறார்கள். நான் மூன்றாவது வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தேன். அட்சதை போட அக்கா மஞ்சள் அரிசி கொண்டு வந்திருந்தாள். வாசலில் அரிசி போடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், சுத்தம் செய்வது யார்? வெளியே வந்ததும் சோப்பு நுரைக் குமிழ் ஊதினார்கள். அக்கா அரிசியைப் பத்திரமாக வைத்திருந்து சாயங்காலம் கொட்டகை வாசலில் இரண்டு பேர் தலையிலும் போட்டாள்.

பெயர் விஷயத்தில் மட்டும் ஒரு குழப்பம். மருமகனின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அத்தானின் பெயர். குடும்பத்துக்கு ஒரே பெயர் எடுத்தால் அந்தப் பெண் ஆயுசு முழுக்க மாமனார் பெயரில் வாழ வேண்டியதுதான். 2025 மே மாதத்திலிருந்து இருவரும் பெயரைச் சேர்த்து இரட்டைப் பெயராக வைத்துக்கொள்ளவும் வழி வந்திருக்கிறது, இவர்கள் அவரவர் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள். அத்தானுக்கு நிம்மதி.

விருந்து அவர்கள் கிராமத்தில், ஒரு பெரிய பழைய களஞ்சியக் கொட்டகையில். மூன்று மணிக்குக் காப்பியும் கேக்கும். அத்தனை கேக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அத்தைகளும் சுட்டுக் கொண்டு வந்தவை. அப்புறம் அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கு ஒரு பக்கம் ரம்பத்தைப் பிடித்து மரக்கட்டை அறுத்தார்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு, அங்கே ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம், அதனால் அக்காவுக்கு மட்டும் அது சாயங்காலச் சாப்பாடாகவே தோன்றி, இரவுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாண சூப் என்று ஊர் வழக்கப்படி ஒன்று உண்டு, மாட்டு எலும்பு ரசம், எங்களுக்கு ஆகாது. எங்களுக்கு வெள்ளை ஆஸ்பராகஸ், உருளைக்கிழங்கு, வெண்ணெய்க் குழம்பு. ஜூன் 24 வரைக்கும்தான் அந்தக் காய்க்குப் பருவம் என்பதால் ஊரே அதைக் கொண்டாடுகிறது. நார் எடுத்த முருங்கைக்காயை உப்பு மட்டும் போட்டு அவித்தது மாதிரி இருந்தது, இரண்டாம் தரம் கேட்கத் தோன்றவில்லை. யாரும் வாளியோடு வந்து இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்தவும் இல்லை. இது எனக்குக் குறையாகத்தான் பட்டது. வயிறு நிறைந்துவிட்டது, ஆனால் உபசாரம் நடந்த மாதிரி இல்லை.

ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் பெயர் எழுதிய அட்டை. மாப்பிள்ளை பெண்ணுக்குப் பக்கத்து மேசையில் நண்பர்கள். சித்தப்பா, மாமா, அத்தை எல்லோரையும் சேர்த்துத் தள்ளிப் பின்னால் ஒரு மேசை. எனக்குப் பக்கத்தில் பெண்ணின் பெரியப்பா, பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். நான் பிறவிச் சைவம். போனில் மொழிபெயர்த்துப் பெயர்த்து, தீவனம் விற்கிற விலை, மழை, மகன் பண்ணையை எடுத்து நடத்த மாட்டேன் என்கிற கவலை என்று அரை ராத்திரி வரை பேசினோம். எங்கள் ஊர் வயல்காரர் யாரோடு உட்கார்ந்தாலும் இதே பேச்சுத்தான்.

அப்புறம் அந்தச் சாட்சிப் பையன் எழுந்து பேசினான். முதலில் எல்லாம் கேலி. பிறகு, கொரோனாக் குளிர்காலத்தில் மருமகனுக்கு வேலை போய், வாடகை கொடுக்க முடியாமல், இவன் வீட்டு சோபாவில் மாதக்கணக்கில் படுத்திருந்த கதையைச் சொன்னான். எல்லோரும் முன்பே தெரிந்த கதை கேட்பது போல அமைதியாகச் சிரித்தார்கள். எங்கள் மேசையில் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த மாதங்களில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்து, சாப்பிட்டாச்சா அம்மா, வேலை எல்லாம் நல்லா போகுது என்று சொன்னவன். அக்கா எழுந்து போய் அந்தப் பையனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள், என்ன பேசினாள் என்று தெரியாது, அவனுக்கும் தமிழ் தெரியாது.

எனக்கு முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்தால், அவன் காது குத்தியது முதல் கல்லூரி வரைக்கும் எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு அவன் பட்டது எல்லாம் இந்தப் பையனுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் நிற்பதில் நான் குறை சொல்ல என்ன இருக்கிறது? அன்று நாள் முழுக்க ஓடியதும் அவன்தான். யார் பாட்டுப் பாட வேண்டும், யார் பேச வேண்டும் என்றாலும் அவனிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். சட்டை கசங்கிப் போயிருந்தது.

மொய்யைப் பொறுத்தவரை அவர்களுக்கு நோட்டுப் புத்தகம் இல்லை, மைக்கில் வாசிப்பதும் இல்லை. மூடிய பெட்டி, அதில் உறையைப் போட்டுவிட வேண்டும், பிறகு ஒவ்வொருவருக்கும் நன்றி அட்டை வரும். அப்படியென்றால் யார் எவ்வளவு என்று எங்கேயோ எழுதத்தான் செய்கிறார்கள். மாமன் முறைக்குத் தனியாக மோதிரம் போட்டிருந்தாலும் மொய்க்கு 501 யூரோ வைத்தேன். ஒற்றை யூரோ நாணயம் உறைக்குள் கலகலத்தது, வாங்கி வைத்த பெண் நாணயம் தவறி விழுந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வந்தாள்.

மறுநாள் காலையில் கொட்டகையைச் சுத்தம் செய்ததும் அவர்களே. கூப்பிட்டது அவர்கள் என்றால் கூட்டுவதும் அவர்கள்தானே. நேற்று வெள்ளை உடையில் நின்ற பெண் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மேசை துடைக்கிறாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை, தாலி கட்டின மறுநாள் மருமகள் கையில் துடைப்பமா என்று போய்ப் பிடுங்கிக்கொண்டாள். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றினோம். தாலி எங்கே கட்டினார்கள் என்று கேட்காதீர்கள், அக்கா மனதில் கட்டியாகிவிட்டது.

ஹம் ஊர் என்று சொன்னேனே, நீதிமன்றம் இருக்கிற ஊர், அங்கே காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. போரினால் வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் கட்டியது, 2002-ல் குடமுழுக்கு, தொழிற்பேட்டைக்கு நடுவே முழுக் கோபுரத்தோடு நிற்கிறது. வருடா வருடம் தேர் ஓடுகிறது, தீர்த்தம் பக்கத்தில் ஓடும் கப்பல் கால்வாயில். மறுநாள் மாப்பிள்ளையையும் பெண்ணையும் அங்கே கூட்டிப் போனோம். பெண்ணின் பாட்டியும் கூடவே வந்தார், எண்பது தாண்டியவர், தீவிரக் கத்தோலிக்கர். பேத்தி தேவாலயத்திலிருந்து எழுதிக் கொடுத்து விலகிவிட்டவள். அங்கே உறுப்பினராக இருந்தால் வருமான வரியில் ஒன்பது சதவீதம் தேவாலய வரியாகப் பிடிப்பார்கள், இளசுகள் பலர் அதனாலும் விலகுகிறார்கள். சாமி இல்லாத கல்யாணம் என்று அந்தப் பாட்டிக்கு இருந்த அதே மனக்குறை அக்காவுக்கும் இருந்தது. இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அர்ச்சனை முடியும் வரை கும்பிட்டார்கள். மிச்சமிருந்த தேங்காய் அங்கே உடைந்தது. பிரசாதம் கொடுத்த யாழ்ப்பாணத்து அம்மா, "பொம்பிளை வடிவா இருக்கிறா" என்று சொல்லிப் பெண்ணின் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டார்.

தை மாதம் தென்காசியில் வரவேற்பு. பெண் வீட்டிலிருந்து பதினோரு பேர் வருகிறார்கள், அதில் வாய்க்கால் தகராறுக்காரரும் ஒருவர். நாற்காலி மடக்கிய பக்கத்து வீட்டுக்காரர், தனக்கு என்ன வேலை என்று இப்போதே கேட்டு அனுப்பியிருக்கிறார், வாழைமரம் கட்டச் சொல்லலாம் என்று இருக்கிறேன். பத்திரிகையில் என் பெயர் கீழே ஐந்தாவது வரியில் வருகிறது, சரிபார்த்துவிட்டேன். பெண்ணின் அம்மா போன வாரம் மருமகன் மூலமாக, எத்தனை பேர் வருவார்கள், ஆளுக்கொரு சின்னப் பரிசு செய்து கொண்டுவரப் பெயர்ப் பட்டியல் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். அத்தான் ஆயிரத்து இருநூறு இருக்கும் என்று பதில் சொல்லச் சொன்னார். பட்டியலில் இதுவரை பதினோரு பெயர் இருக்கிறது, எல்லாம் அவர்கள் அனுப்பியது.